பதினொண்ணாப்பா? அது எதுக்குப் பேராண்டி!

வாடா பேராண்டி, உக்காரு. பத்தாவது பாஸாகிட்டன்னு ஊரே சொல்லுது. உங்கப்பன் மேலூர் ரோட்டுல எவனப் பாத்தாலும் வண்டிய மறிச்சு, “எம்மகன இன்ஜினியருக்குப் போடுறேன்”ங்கிறான். அவன் தோரணையப் பாத்தா, ஆளு கெடைக்காம அரசாங்கமே அவன்கிட்ட வந்து கெஞ்சிருக்கும்போல. போகட்டும். ஒனக்கு யோசனை சொல்ல நம்மூரு ஒத்தக்கடையில ஆளுக்கா பஞ்சம்? எட்டாங்கிளாசோட நின்ன இந்தக் கெழவன் யோசனையையும் ஒரு காதுல வாங்கிக்க. பீசு கெடையாது. ஒரு டீ சொல்லு, போதும். சீனி கம்மியா.

மொத யோசனை: பதினொண்ணாப்புப் படிக்காத. பள்ளிக்கூடம் போ, வேணாங்கல. வெள்ளன எந்திரி, யூனிபாரம் போடு, அட்டனன்ஸ் குடு. ஆனா பதினொண்ணாப்புப் புத்தகத்த மட்டும் தொறந்துறாத. நேரா பன்னெண்டாப்புப் புத்தகத்த எடுத்து, ரெண்டு வருசமும் அதையே உருப்போடு. ஏன்னு கேளு. கவுன்சிலிங்குக்கு கட்-ஆப் 200. கணக்குக்கு 100, பிசிக்சுக்கு 50, கெமிஸ்ட்ரிக்கு 50. அம்புட்டும் பன்னெண்டாப்பு மார்க்கு. பதினொண்ணுல நீ நூத்துக்கு நூறு வாங்குனாலும் அதுல அரை மார்க்கு ஏறாது. ஏறாத மார்க்குக்கு எவனாச்சும் படிப்பானா? நாமதான் வெவரமான ஆளுகல்ல!

இது என் சொந்தச் சரக்குன்னு நெனச்சிறாத. பெரிய பெரிய விடுதிப் பள்ளிக்கூடமெல்லாம் வருசக்கணக்கா இதத்தான் பண்ணுச்சு. பதினொண்ணுல சேந்த அன்னைக்கே பன்னெண்டாப்புப் பாடம் ஆரம்பிச்சிரும். ரெண்டு வருசம் ஒரே புத்தகம், அப்புறம் நாலு ரோட்டுலயும் பிளெக்ஸ் பேனரு. இதக் கண்டு அரசாங்கம், பதினொண்ணுக்கும் பொதுத் தேர்வுன்னு 2017-ல அறிவிச்சு, 2018 மார்ச்சுல நடத்தியும் காட்டுச்சு. மேல்படிப்புக்கு ரெண்டு வருச மார்க்கையும் சேத்துத்தான் பாப்போம்னாங்க. அந்தச் சூடு ஆறுறதுக்குள்ள, அதே வருசம் செப்டம்பர்ல, பன்னெண்டாப்பு மார்க்கு மட்டும் போதும்னுட்டாங்க. சரி, மார்க்கு ஏறாட்டியும் பொதுத் தேர்வுங்கிற பயமாச்சும் மிஞ்சி இருந்துச்சு. 2025-ல மாநிலக் கல்விக் கொள்கை வந்துச்சு, பிள்ளைகளுக்குப் பாரம்னு அந்தப் பரிட்சையையும் எடுத்துட்டாங்க. பாரம்ங்கிறது நெசந்தான். பத்து, பதினொண்ணு, பன்னெண்டுன்னு மூணு வருசம் விடாமப் பொதுத் தேர்வுன்னா பச்சப் பிள்ளைக என்னத்துக்காகும்? ஆனா அந்தச் சேதியக் கேட்டு, பிள்ளைகளவிட அதிகமாச் சிரிச்சது எந்தப் பள்ளிக்கூடத்து மொதலாளின்னு நான் சொல்ல மாட்டேன். ஹைகோர்ட்டு நம்மூருப் பக்கத்துலதான் இருக்கு.

எங்க செட்டுப் பயலுகளுக்கு இந்த யோகமெல்லாம் கெடையாது. அப்பப் பள்ளிக்கூடமே பதினோரு வருசம். எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சவன் காலேஜுக்குப் போயி பி.யூ.சி.ன்னு ஒரு வருசம் படிக்கணும். அதத் தாண்டுனாத்தான் இன்ஜினியரிங், அதுவும் அஞ்சு வருசம். திருப்பரங்குன்றத்துல கருமுத்து தியாகராசன் செட்டியார் 1957-ல ஆரம்பிச்ச இன்ஜினியரிங் காலேஜுக்குள்ள அன்னைக்கு ஒரு கிராமத்துப் பய கால வச்சான்னா, அந்த ஒத்த வருசத்த முழுசா ஜெயிச்சவன்னு அர்த்தம். தோத்தவன்தான் ஜாஸ்தி. தமிழ்லயே படிச்ச பய, டவுன் பஸ்ஸுல கம்பியப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போயி எறங்குவான். உள்ள போனா, கணக்கு இங்கிலீசு, பிசிக்ஸ் இங்கிலீசு, ஆஜர் சொல்றதும் இங்கிலீசு. அவனுக்குப் பாடம் லேசாப் புரிபட ஆரம்பிக்கையில வருசம் முடிஞ்சு பரிட்சை வந்துரும். ரெண்டாந் தடவை எழுதுனவன், மூணாந் தடவை எழுதுனவன், எழுதப் போறேன்னு போயி படம் பாத்துட்டு வந்தவன்னு எல்லா ரகமும் எங்ககிட்ட உண்டு. ஆனா மருவாதைக்கு ஒரு கொறையும் இல்ல. கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால ‘பி.யூ.சி.’ன்னு அச்சடிச்சுக்கிட்டான். பாஸா பெயிலான்னு எந்த மாமனாரும் கேக்கல.

1978-ல அந்த பி.யூ.சி.யக் காலேஜுலருந்து கழட்டிக் கொண்டாந்து, பள்ளிக்கூடத்துலயே வச்சாங்க. பத்தும் ரெண்டும் பன்னெண்டு ஆச்சு. அஞ்சு வருச இன்ஜினியரிங் நாலு வருசமாச்சு. கொறைஞ்ச அந்த ஒரு வருசம் எங்கிட்டுப் போச்சுன்னு எவனும் தேடல. நான் தேடிட்டேன். தொறக்காதன்னு சொன்னேன்ல, அந்தப் புத்தகத்துக்குள்ளதான் கெடக்கு.

நம்பலையா? இன்ஜினியரிங் படிக்கிற அண்ணமாரு யாருகிட்டயாச்சும் மொத செமஸ்டர் புத்தகத்த வாங்கி, பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் பக்கத்துல விரிச்சு வையி. எனக்கு வாசிச்சுக் காட்ட ஒரு பேத்தி இருக்கா, அதேன் தைரியமாச் சொல்றேன். அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 பாடத்திட்டத்துல மொதக் கணக்குப் பேப்பர் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. ரெண்டாவது யூனிட்டு லிமிட்டு, கன்டினியூட்டி, டெரிவேட்டிவுன்னு போகுது. 2018-ல வந்த பதினொண்ணாப்புக் கணக்குப் புத்தகத்துல எல்லையும் தொடர்ச்சியும் ஒரு பாடம், வகையிடல் அடுத்த பாடம், தொகை நுண்கணிதம் அதுக்கடுத்த பாடம். அணிகளும் அங்கதான் ஆரம்பம். பன்னெண்டாப்புல என்ன இருக்கு? ‘வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்’, ‘தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள்’. அழகப் பாத்தியா? வகையிடல்னா என்னன்னே கேள்விப்படாத பயலுக்கு, அதோட பயன்பாட்ட ரெண்டு வருசம் திருப்பித் திருப்பி நடத்துறாங்க!

பிசிக்ஸ் அதவிடத் தமாசு. இயக்கம், நியூட்டன் விதி, வேலை, ஆற்றல், சுழற்சி, ஈர்ப்பு, வெப்ப இயக்கவியல், அலைவு எல்லாம் பதினொண்ணு. மின்சாரம், காந்தம், ஒளி, அணு எல்லாம் பன்னெண்டு. அப்ப, பதினொண்ணத் தாண்டிக் குதிச்சு வந்தவன் மெக்கானிக்கல்ல சேந்தா, மெக்கானிக்சே படிக்காத மெக்கானிக்கல் இன்ஜினியரு. சிவில்ல சேந்தா, விசைன்னா என்னன்னு தெரியாமப் பாலம் கட்டப் போறவரு. அதே 2021 பாடத்திட்டத்துல, மொத செமஸ்டர் பிசிக்ஸோட மொத யூனிட்டு மெக்கானிக்ஸ். சுத்துற பொருளோட நிலைமத் திருப்புத்திறன்னு வாத்தியாரு போர்டுல எழுதுவாரு. “சார், இதெல்லாம் எங்களுக்கு நடத்தவே இல்லயே”ம்பான் பய. நடத்துறதுக்குன்னு ஒரு வருசம் இருந்துச்சுடா தம்பி. அதுல நீ பிளெக்ஸுக்குப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்த.

அப்புறம் என்ன, அரியர். 190 கட்-ஆப் வாங்குன பய கணக்குல கப்பு வாங்குவான். வீட்டுல சொல்ல மாட்டான். அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்னு வாய்தா மேல வாய்தா. உங்கப்பனும் கேட்டுக்க மாட்டான், மகன் ‘பிராஜக்ட்’ பண்றான்னு டீக்கடையில சொல்லிக்கிட்டுத் திரிவான்.

மொதப் படியத் தாண்டிக் குதிச்சா என்னாகும்னு வயல்லயும் பாக்கலாம். யானைமலை அடியில 1965-லருந்து விவசாயக் கல்லூரி இருக்கு. அங்க போயி நீ எதுவும் கேக்க வேணாம், பெரியாத்துப் பாசனத்துல நடவு நடுற பொம்பளைகளக் கேளு. தண்ணி தொறந்தா மொத வேலை நாத்தங்கால். வெதயப் பாவி, இருபது இருபத்தஞ்சு நாள் வளத்து, அப்புறந்தான் பிடுங்கி வயல்ல நடுறது. “தண்ணிதான் வந்திருச்சே, நாத்தங்காலு எதுக்கு”ன்னு கேட்டுப் பாரு, கூலிகூட வாங்காம கரையேறிருவாக. நேரடி வெதப்புன்னு ஒண்ணு இருக்கேம்ப. இருக்கு. அதுல மொளைக்கிற களைய எடுக்கிறதுக்குள்ள பாதிச் சொத்து போயிரும். அரியருக்கு டியூசன் வச்சவன்கிட்ட அந்தக் கணக்க நீயே கேட்டுக்க.

சரி, இத்தன கூத்துக்கும் நடுவுல சந்தையில ஒரு சரக்கு நல்லா ஓடுது. பேரு ‘பவுண்டேசன்’. ஆறாங்கிளாசுப் பிள்ளைக்கு பவுண்டேசன் கோச்சிங், எட்டாங்கிளாசுக்கு இன்னொண்ணு. பன்னெண்டு முடிச்சு ஜே.இ.இ.ல கோட்ட விட்டவனுக்கு ஒரு வருச ரிப்பீட்டர் பேட்சு. அந்தப் பரிட்சையில பதினொண்ணாப்புப் பாடமும் வரும்ங்கிறது அப்பத்தான் பயலுக்கே தெரிய வரும். இன்னும் காசு உள்ளவனுக்குச் சீமையில ‘பவுண்டேசன் இயர்’. இங்கிலாந்துல பல பல்கலைக்கழகத்துல பட்டப்படிப்புக்கு முந்தி அப்படி ஒரு வருசம் உண்டு. வேற மாதிரிப் பள்ளிப் படிப்புப் படிச்சு வந்தவன் கணக்கு, பிசிக்ஸ், இங்கிலீசச் சரிபண்ணிக்கிறதுக்கு. அது நல்ல ஏற்பாடுதான், குத்தம் சொல்லல. ஆனா நம்மூருப் பள்ளிக்கூடத்துல ஓசியில குடுக்கிற பாடத்த வேணாம்னுட்டு, அதையே பிளைட்டுல போயி லட்சக்கணக்குல காசு கட்டிப் படிக்கிறதுக்கு ஒரு தனி அந்தஸ்து வேணும். ஒங்க பரம்பரைக்கு அது இருக்கு. நெலம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்குல்ல?

நக்கலில்லாம ஒண்ணு சொல்றேன். ஐ.ஐ.டி.யில ‘பிரிப்பரேட்டரி கோர்ஸ்’னு ஒண்ணு வச்சிருக்காங்க. தாழ்த்தப்பட்ட, பழங்குடி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குன்னு ஒதுக்குன எடம் நெரம்பாமக் கெடந்தா, தனிப் பட்டியல் போட்டுக் கூப்பிடுவாங்க. ஒரு வருசம் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, இங்கிலீசு. அதுல தேறிட்டா, மறுபடி நுழைவுத் தேர்வு எழுதாம மொத வருசத்துல சேந்துக்கலாம். நாட்டுலயே பெரிய படிப்பு சொல்லிக் குடுக்கிறவன், ஒரு வருசம் கால ஊனிக்கிட்டு வான்னு பிள்ளைகளக் கூப்பிடுறான். ஒத்தக்கடை ஆளு மட்டும், அந்த வருசமே வேணாம்ங்கிறான். எவன் பெரிய ஆளுன்னு நீயே சொல்லு.

இன்னொரு சங்கதி. உங்கப்பன் ஒன்ன அரசுப் பள்ளிக்கூடத்துலருந்து எடுத்து, பதினொண்ணுக்கு ஒரு விடுதிப் பள்ளியில சேக்கப் போறானாமே? பாராட்டணும்யா அவன. ஆறாவதுலருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவனுக்கு, இன்ஜினியரிங்ல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021-லருந்து இருக்கு. அதுல எடம் கெடைச்சா காலேஜு பீசும் ஹாஸ்டல் பீசும் அரசாங்கம் கட்டும். அஞ்சு வருசம் அரசுப் பள்ளியில படிச்சு முடிச்சிட்ட, இன்னும் ரெண்டு வருசந்தான் பாக்கி. அந்த ரெண்டு வருசத்துக்குக் கைக்காசக் கட்டி, அதுக்கப்புறம் நாலு வருசத்துக்கும் கைக்காசே கட்டுறேன்னு கெளம்பிருக்கான் பாரு, அரசாங்கமே அவனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும்.

டீ ஆறிப்போச்சு. முடிவாச் சொல்லிறேன், பிடிச்சா எடுத்துக்க. பள்ளிக்கூடத்துல நடத்துறானோ இல்லையோ, பதினொண்ணாப்புக் கணக்குல எல்லை, வகையிடல், தொகையிடல், வெக்டர் நாலையும் பயிற்சிக் கணக்கோட கையால போட்டு முடி. கண்ணால பாத்துத் தலையாட்டுறது கணக்குல சேராது. பிசிக்ஸ்ல நியூட்டன் விதியில ஆரம்பிச்சு சுழற்சி வரைக்கும் விட்டுறாத. தமிழ்ல படிக்கிறேன்னு கூச்சப்படாத, தமிழ்ல புரிஞ்சது எங்கிட்டும் ஓடிறாது. கூடவே அதுக்கு இங்கிலீசுல என்ன பேருன்னு ஓரத்துல எழுதிக்கிட்டே வா. அன்னைக்கு பி.யூ.சி. வகுப்புல முழிச்ச பயலுகளுக்கு அது ஒண்ணுதான் இல்லாமப் போச்சு. பத்து முடிச்ச கையோட மனசு மாறிப்போயி, டிப்ளமாவுக்குப் போறேன்னாலும் கேவலமில்ல. மூணு வருசம் பட்டறையில கைபழகிட்டு, நேரா இன்ஜினியரிங் ரெண்டாம் வருசத்துல சேர வழி இருக்கு. காலேஜுல சேந்ததும் மொத ரெண்டு மூணு வாரம் அறிமுக வகுப்பு, பிரிட்ஜ் கோர்ஸுன்னு வைப்பாங்க. எல்லாப் பயலும் அன்னைக்குத்தான் மாட்டுத்தாவணியில பஸ் ஏறி ஊருக்கு வருவான். நீ வராத. வந்து எம்மூஞ்சியப் பாத்து ஒனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல.

இதெல்லாம் சிரமம்னு தோணுதா? அப்ப மொத யோசனையே மேலு. பதினொண்ணாப்புப் புத்தகத்த அட்ட கசங்காம, பக்கம் மடங்காம, பத்திரமா வச்சிரு. பழைய பேப்பர்காரன் தராசுல படிச்ச புத்தகமும் படிக்காத புத்தகமும் ஒரே வெலைதான். அந்த வித்தியாசமெல்லாம் காலேஜுல மட்டுந்தான் பாக்குறாங்க.