வாரதுக்கு ஒரு தேதி வேணுமோ?

ஏலே பேராண்டி, வா, இப்படித் திண்ணையில உக்காரு. மூஞ்சிய ஏன் இப்படித் தூக்கி வச்சிருக்கே? இயேசு திரும்பி வருவாருன்னு சொல்லுதாவளே, ரெண்டாயிரம் வருஷம் ஆச்சு, ஆளைக் காணோமேன்னுதானே கேக்கே? கேளு. கேக்கதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா உலகத்துலயே நீதான் முதமுதல்ல இதைக் கண்டுபிடிச்சவன்னு நெனைச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தியாமே? உங்கம்மா சொன்னா. அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

பேதுருவோட ரெண்டாம் நிருபத்தைப் பிரிச்சுப் பாத்தியா? மூணாம் அதிகாரம். காப்பி ஆறதுக்குள்ள படிச்சிரலாம். நீ கேக்க இதே கேள்விய அங்க சிலபேரு கேலியாக் கேக்காவ. பெரியவங்களெல்லாம் போய்ச் சேந்துட்டாவ, உலகம் பழையபடியேதான் ஓடுது, வாரேன்னு சொன்னவரு எங்கேன்னு. அதை எழுதி ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு மேல ஆவுது. உன் சந்தேகத்துக்கு அம்புட்டு வயசு! நேத்துப் பொறந்த பிள்ளைன்னு நீ தொட்டில் கட்டி ஆட்டிக்கிட்டு இருக்கே.

பதிலும் அங்கேயே இருக்கு. நமக்கு ஆயிரம் வருஷம்னா அவருக்கு ஒரு நாளு. அவரு மறந்து போய் உக்காந்திருக்கல, இன்னும் நாலு பேரு மனந்திரும்பட்டும்னு பொறுத்திருக்காரு. இம்புட்டுதான். காலேஜு போன உனக்கு இது சப்புன்னு இருக்கும். எனக்கு அப்படி இல்ல. ஏன்னு பொறவு சொல்லுதேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லு. இந்தச் சந்தேகம் உனக்கு எங்கருந்து வந்துச்சு? வேதபுஸ்தகம் படிச்சா? அதான் அலமாரியில தூசி படிஞ்சு கெடக்கே. போன்ல கோட்டு போட்ட ஒருத்தரு பேசுதாரே, அதைப் பாத்துத்தானே? சுவரு நீளத்துக்குப் படம் மாட்டி, குச்சிய வச்சு, இங்க இரகசிய வருகை, இங்க ஏழு வருஷ உபத்திரவம், இங்க அந்திக்கிறிஸ்துன்னு காட்டுவாரு. மொதல்ல சோப்பு டப்பாவுல இருக்க பார்கோடுதான் 666-ன்னாவ. பொறவு ஆதார் அட்டைன்னாவ. பொறவு கொரோனா ஊசின்னாவ. ஊசி போட்டவன், போடாதவன் ரெண்டு பேரும் போன வாரம் அசனத்துல ஒரே பந்தியில உக்காந்து சாப்புட்டான். நான்தான் எலை எடுத்தேன், ஒருத்தன் நெத்தியிலயும் ஒரு முத்திரையும் இல்ல.

இவுங்க சொல்லுத நாளு பொய்யாப் போவுது. ஒடனே உனக்கு வருகையே பொய்யாத் தெரியுது. ஐப்பசி பத்துல மழைன்னு ரேடியோவுல சொன்னான், பெய்யல. மழைன்னு ஒண்ணே கெடையாதுன்னு வெதைக்கு வச்சிருந்ததை வறுத்துத் தின்னுட்டு உக்காருவியாலே?

ஒரு விசயம் கவனிச்சிருக்கேன். கணக்குல மந்தமா இருக்கவனுக்கு இந்த வியாதி வாரதே இல்ல. கெட்டிக்காரனைத்தான் பிடிக்கும். ஜெர்மனியில மைக்கேல் ஸ்டீஃபல்னு ஒருத்தரு. லூத்தருக்குச் சிநேகிதரு, லோஹாவ்னு ஒரு ஊருல குருவானவரு. எழுத்துக்கெல்லாம் நம்பர் போட்டு, கூட்டிக் கழிச்சு, 1533 அக்டோபர் 19-ந்தேதி காலையில எட்டு மணிக்கு உலகம் முடியுதுன்னு சொல்லிட்டாரு. நாளு மட்டும் இல்ல, மணியும்! வேண்டாம்யான்னு லூத்தரு சொல்லிப் பாத்தாரு. கேக்கல. குடியானவங்க நம்பிட்டாவ. உலகமே போவப்போவுது, எதுக்கு உழணும்? இருந்ததைத் தின்னு குடிச்சுத் தீத்தாவ. அன்னிக்குக் காலையில கோயில்ல கூடி நின்னாவ. மணி எட்டு ஆச்சு. ஒம்பது ஆச்சு. பசி எடுத்துச்சு. வீட்டுல கஞ்சிக்கு அரிசி இல்லாதவன் என்ன செய்வான்? ஐயரைத் தேடுவான். அவரைப் பிடிச்சு விட்டன்பர்க்குல காவல்ல வச்சாவ. லூத்தருதான் பரிஞ்சு பேசி, பொறவு வேற சபை வாங்கிக் கொடுத்தாரு.

அதுக்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஸ்டீஃபல் 1544-ல கணக்குக்குன்னே ஒரு புஸ்தகம் போட்டாரு. எக்ஸ்போனன்ட்னு பள்ளிக்கூடத்துல படிச்சியே, அந்தப் பேரைக் கொண்டுவந்தது அவருதான். நம்பரை நம்பரா வச்சுப் பாத்தப்போ பெரிய மேதை. அதையே வேதத்துக்குள்ள தூக்கிட்டுப் போனப்போ காவல் அறை.

நியூட்டனும் இந்தக் கணக்குப் போட்டிருக்காரு, தெரியுமா? ஆப்பிள்காரருதான். 2060-க்கு முன்னால முடிவு வராதுன்னு ஒரு தாளுல எழுதி வச்சிருக்காரு. ஆனா அந்த மனுஷன் விவரமானவரு. நாளு குறிக்கதுக்கு இதை எழுதல, சும்மா சும்மா நாளு குறிச்சு வேதத்துக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுக்கவங்க வாயை அடைக்கத்தான்னும் கூடவே எழுதிட்டாரு.

அமெரிக்காவுல வில்லியம் மில்லர்னு ஒரு சம்சாரி. நம்ம சாதிதான், மண்ணைக் கொத்துத சாதி. தானியேல் எட்டாம் அதிகாரத்துல 2300 நாளுன்னு வருது. ஒரு நாளுக்கு ஒரு வருஷம்னு வச்சு, கி.மு. 457-லருந்து கூட்டுனாரு. 1843 வந்துச்சு. அது தப்பிப் போனதும் கூட்டத்துல வேற ஆளுங்க 1844 அக்டோபர் 22-ன்னு திருத்துனாவ. பல்லாயிரம் பேரு ராத்திரி முழுக்க முழிச்சிருந்தாவ. விடிஞ்சுது, அம்புட்டுதான். வெள்ளை அங்கி மாட்டிக்கிட்டு மலையில ஏறி நின்னாவன்னு ஒரு கதை சொல்லுவாவ. அது கேலிக்காரன் கட்டி விட்டது, அதுக்குச் சாட்சியம் இல்ல. கேலி பண்ணுதவனும் பொய் சொல்லுவான், அதையும் மனசுல வச்சுக்கோ.

அந்தக் கூட்டத்துல ஒரு சம்சாரி உருளைக்கெழங்கைத் தோண்டாமலே விட்டுட்டாராம். அந்த வருஷம் ஊரெல்லாம் அழுகல் நோயி. முன்கூட்டித் தோண்டி வச்சவன் கெழங்கெல்லாம் அழுகிப் போச்சு. இவரு பிந்தித் தோண்டுனது நல்லா இருந்துச்சு, நல்ல வெலைக்கும் போச்சுன்னு அவுங்க சபைக்காரங்களே சொல்லிச் சிரிப்பாவ. அவரை நம்பி நீயும் வெள்ளாமைய விட்டுராத. கெழங்கு தப்புனது பிந்தித் தோண்டுனதால, கணக்கால இல்ல.

மில்லரு மேல எனக்கு ஒரு மரியாதை உண்டு. என் கணக்கு தப்புன்னு ஒத்துக்கிட்டாரு. ஆனா வருவாருங்கிறதை 1849-ல சாவுத வரைக்கும் விடல. 2011-ல கலிபோர்னியாவுல ஹெரால்டு கேம்பிங்னு ஒரு ரேடியோக்காரரு மே 21-ன்னாரு. அவரு யாரு? இன்ஜினியரு! தப்புனதும் அக்டோபர் 21-க்குத் தள்ளிப்போட்டாரு. அதுவும் தப்புன பொறவுதான், மறுவருஷம், நான் பண்ணுனது பாவம்னு எழுதுனாரு. அதுக்குள்ள கையில இருந்த காசையெல்லாம் கொட்டி ரோட்டோரம் விளம்பரப் பலகை வச்சவங்க பாடு?

நம்ம பக்கத்துலயும் நடந்திருக்கு. திருவிதாங்கூருல வித்வான்குட்டின்னு ஒரு குருவானவரு. யுஸ்தூஸ் யோசேப்புங்கிறது ஞானஸ்நானப் பேரு. பொறந்தது தமிழ்ப் பிராமணக் குடும்பம். 1881-ல ஆண்டவர் வருவாருன்னு சொல்லி ஒரு கூட்டத்தையே பிரிச்சுக்கிட்டுப் போனாரு. வரல. அவரு கட்டுன பாட்டுகளை மலையாளச் சபைகள் இன்னிக்கும் பாடுது. நாளு செத்துப் போச்சு, பாட்டு பொழைச்சுக்கிட்டு.

இதெல்லாம் புதுசுன்னு நெனைக்காத. மூணாம் நூற்றாண்டுல ஹிப்போலித்துன்னு ஒரு பெரியவரு தானியேலுக்கு வியாக்கியானம் எழுதுனாரு. அதுல சொல்லுதாரு: சீரியாவுல ஒரு சபைத்தலைவரு பொம்பளை பிள்ளைகளோட சனத்தைக் கூட்டிக்கிட்டு, ஆண்டவரை எதிர்கொள்ளப் போறோம்னு வனாந்தரத்துக்குப் போயிட்டாரு. மலையில அலைஞ்சு திரியுதாவ. கொள்ளைக்கூட்டம்னு நெனைச்சு ஆளுநரு வெட்டிப் போடப் பாத்தாரு. ஆளுநரு பெஞ்சாதி விசுவாசியா இருந்ததால தப்புனாவ. பொந்து நாட்டுல இன்னொருத்தருக்குச் சொப்பனம். ஒரு வருஷத்துல நியாயத்தீர்ப்புன்னாரு. சனம் ஆடு மாட்டை வித்துச்சு, நெலத்தைத் தரிசாப் போட்டுச்சு. வருஷம் முடிஞ்சுது. கன்னிப்பிள்ளைகளுக்குக் கலியாணம் ஆச்சு, ஆம்பளைங்க வயலுக்குப் போனாவ, சொத்தை வித்தவன் பிச்சைக்குப் போனான்.

இப்ப நீ தலையைச் சொறிவே. தாத்தா, தேதிக்காரனை விடும், இந்தச் சந்ததி ஒழியுறதுக்குள்ள எல்லாம் நடக்கும்னு இயேசுவே சொன்னாரேன்னு கேப்பே. நல்ல கேள்வி, படிச்சவங்களே முழி பிதுங்குத எடம். சிலபேரு அது எருசலேம் கோயில் இடியுறதைப் பத்தினதும்பாவ. கி.பி. 70-ல ரோமாபுரிக்காரன் இடிச்சுட்டான், ஒரு தலைமுறைக்குள்ள. வேற விதமாச் சொல்லுதவங்களும் உண்டு. நான் படிப்பாளி இல்ல. ஆனா ஒரு சம்சாரியாக் கேக்கேன். சீஷன்மாரு கட்டுக்கதை எழுதுனவங்கன்னா, அந்தத் தலைமுறை செத்த பொறவு அந்த வரியை அழிச்சிருக்க மாட்டாவளா? ஒரு எரேசர் வேலைதானே! விட்டு வச்சிருக்காவ. அது மட்டுமா? அதே அதிகாரத்துல, மாற்கு பதிமூணுல, அந்த நாளு தூதனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாதுன்னு அவரே சொன்னதையும் விட்டு வச்சிருக்காவ. தன் சாமிக்குத் தெரியாதுன்னு எந்தப் பொய்க்காரன் எழுதுவான்?

யோவான் சுவிசேஷம் கடைசி அதிகாரத்தையும் பாத்துரு. யோவான் சாவ மாட்டாரு, அதுக்குள்ள ஆண்டவர் வந்துருவாருன்னு அன்னிக்கே ஒரு வதந்தி. அவரு அப்படிச் சொல்லலைய்யான்னு அங்கேயே மறுப்பு போட்டிருக்கு. வாட்ஸாப் இல்லாமலே வதந்தி ஓடியிருக்கு பாத்துக்கோ.

பொறுமைன்னு சொன்னேன்ல, இப்ப வா அதுக்கு. மில்லரு கூட்டத்துக்காரங்க திருத்துன கணக்குப்படி 1844-லயே ஆண்டவர் வந்திருந்தா? நம்ம ஊருல அப்ப பாதிப் பேருக்கு ஞானஸ்நானமே ஆவல. உன் பூட்டன் பனையில ஏறிக்கிட்டு இருந்தாரு, வேதமும் தெரியாது, எழுத்தும் தெரியாது. நீயும் இல்ல, நானும் இல்ல, இந்தத் திண்ணையும் இல்ல. இம்புட்டு நாளு அவரு வராம இருந்ததாலதான், ஏன் வரலன்னு கேக்க நீ பொறந்திருக்கே. அதுக்கு அவரு மேலயே கோவப்படுதே! என்னலே நியாயம் இது?

தெசலோனிக்கேயில சிலபேரு வேலைவெட்டிய விட்டுட்டு ஊரு வம்பு பேசித் திரிஞ்சாவ. பவுலு என்ன சொன்னாரு? ஒழைக்காதவனுக்குச் சோறு கெடையாதுன்னு எழுதிட்டாரு. வருகையப் பத்தி அதிகமா எழுதுன மனுஷன்தான் அவரு. பகல்ல கூடாரம் தைச்சாரு. காத்திருக்கதுன்னா வாயைப் பொளந்து மேகத்தைப் பாக்கதுன்னு அவரு நெனைக்கல.

சரி, சந்தேகம் தீரலன்னா வச்சுக்கோ, ஓடியா போயிரும்? அந்தக் கோட்டுக்காரரு அடுத்த மாசம் நம்ம ஊரு கூட்டத்துக்கு வாராராம், புதுத் தேதியோட. கூட்டம் முடிஞ்சதும் பவ்வியமாக் கிட்டப் போ. ஐயா, நீங்க சொன்ன தேதிக்கு மறுநாளு எங்க தாத்தா வீட்டுல கோழிக்கறிச் சோறு, கட்டாயம் வரணும்னு கூப்பிடு. வாரேன்னு டைரியில குறிக்காரா, இல்ல மொறைக்காரான்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லு. கோழி நான் தாரேன்.