ஆறு வழி போட்டும் ஏன் அசையவில்லை?

கேள்வி: வண்டியை நிறுத்தி, ‘எங்கிருந்து வர்றீங்க, எங்கே போறீங்க?’ என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கேமரா இருக்கும்போது இது எதற்கு?

பதில்: கேமரா வண்டியை எண்ணும், எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது. தயவுசெய்து நின்று பதில் சொல்லுங்கள். புதுச்சாலைக்கான கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்?

பதில்: ஒரு பகுதியிலிருந்து எத்தனை பயணம் கிளம்பும், எங்கே போகும், எதில் போகும், எந்த வழியாகப் போகும்? இந்த நான்குக்கும் விடை தேடுவதுதான் ட்ராஃபிக் மாடல். 1950களில் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் வளர்ந்த முறை. முதல் விடை வீடுகளில் இருக்கிறது: எத்தனை குடித்தனம், எத்தனை பேர் வேலைக்குப் போகிறார்கள், வாசலில் எத்தனை வண்டி. இரண்டாயிரம் வீடு வரப்போகிற இடத்தைக் காலிமனை என்று எழுதிவிட்டால் மிச்ச மூன்றும் தப்பு.

கேள்வி: சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா?

பதில்: கொஞ்ச காலத்துக்கு. நெரிசலுக்குப் பயந்து பஸ்ஸில் போனவர், விடியற்காலையிலேயே கிளம்பியவர், போகவே வேண்டாம் என்று இருந்தவர் எல்லோரும் திரும்பி வருவார்கள். புதுச்சாலை புதுப் பயணங்களை உண்டாக்கும் என்று பிரிட்டிஷ் அரசின் ஆலோசனைக் குழுவே 1994இல் அறிக்கை கொடுத்தது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த டுரான்டன், டர்னர் இருவரும் 2011இல் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள்: நெடுஞ்சாலை எவ்வளவு கூடுகிறதோ, ஏறக்குறைய அதே விகிதத்தில் ஓட்டமும் கூடுகிறது.

வீடுகளும் சாலையைத் தேடி வருகின்றன. சென்னை ஓ.எம்.ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) சிறுசேரி வரை ஆறு வழி 2008இல் வந்தது. நாவலூர், படூர், கேளம்பாக்கம் என்று அடுக்குமாடிகள் எழுந்தன. மெட்ரோ ரயில் இப்போதுதான் தூண் தூணாக வருகிறது. குடிவந்தவர்கள் இத்தனை ஆண்டும் எதில் போவார்கள்? வரிசை தலைகீழ் என்பதே என் வருத்தம்.

கேள்வி: பக்கத்தில் கட்டுகிற பில்டர், ‘போக்குவரத்துப் பாதிப்பு மிகக் குறைவு’ என்று அறிக்கை கொடுத்திருக்கிறாரே?

பதில்: அவருடைய திட்டத்தை மட்டும் பார்த்தால் உண்மையாகவே இருக்கலாம். அடுத்த மனைக்காரரும் அதையேதான் எழுதுவார். பத்து ‘மிகக் குறைவு’ம் வந்து நிற்பது ஒரே சிக்னலில். இங்கிலாந்தில் பெரிய சாலைக்கு மாடல் போடுகிறவர்கள், சுற்றுவட்டாரத்தில் வரவிருக்கும் குடியிருப்புகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் வருவது எவ்வளவு உறுதி என்றும் குறித்தாக வேண்டும். இங்கே கட்டட அனுமதிக் கோப்புகளில் இருப்பதை ஒரே வரைபடத்தில் சேர்த்து மக்கள் பார்வைக்கு வைத்தாலே பெரிய வேலை முடிந்துவிடும்.

கேள்வி: இந்த முன்கணிப்புகள் பலிக்கின்றனவா?

பதில்: பாதிதான். ஆய்வாளர் ஃப்ளூபியர்க்கின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், சாலைத் திட்டங்களில் பாதியில் கணிப்பும் நடப்பும் இருபது சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தன. பிரிஸ்பேனில் 2010இல் திறந்த கிளெம்-7 சுங்கச் சுரங்கப்பாதையில் எதிர்பார்த்த வண்டிகள் வரவில்லை. ஓராண்டுக்குள் அதை நடத்திய நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போனது.

கேள்வி: பஸ்தான் சாலையை அடைத்துக்கொள்கிறது என்கிறார்களே?

பதில்: சாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் நெடுஞ்சாலைக் கணக்கில் ஒரு பஸ் மூன்று காருக்குச் சமம், ஒரு பைக் அரைக் கார். இடத்தை அளக்க இது சரி. ஆனால் அந்த பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கிறார்கள்! ஆட்களை எண்ணுங்கள், எது அடைக்கிறது என்று தெரியும்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சாலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். என்ன கேட்கலாம்?

பதில்: சாலை போடாவிட்டால் என்ன ஆகும் என்ற கணக்கைக் கேளுங்கள். அதே பணத்தில் பஸ் விட்டால் என்ன ஆகும் என்பதையும். வரப்போகிற வீடுகளையும், சாலையால் புதிதாகக் கிளம்பும் பயணங்களையும் சேர்த்தார்களா? இங்கிலாந்தின் பெரிய நெடுஞ்சாலைத் திட்டங்களில் திறந்த ஓராண்டிலும் ஐந்தாண்டிலும் கணிப்பை நடப்போடு ஒப்பிட்டு வெளியிடுகிறார்கள். உங்கள் சாலைக்கு அதை யார், எந்த வருடம் செய்வார்கள் என்று கேட்டு, கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.