துண்டு விழுந்தால் சம்பளம் வெட்டலாமா?

கேள்வி: பட்ஜெட்டில் துண்டு விழுந்தால், அதை நிறைவேற்றிய உறுப்பினர்களின் சம்பளத்தில் கை வைக்க முடியுமா?

பதில்: அமெரிக்காவில் இதற்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு.

2013-இல் ‘பட்ஜெட் இல்லையேல் சம்பளம் இல்லை’ என்ற சட்டம் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 15-க்குள் பட்ஜெட் தீர்மானத்தை நிறைவேற்றாத நாடாளுமன்ற அவையின் உறுப்பினர்களுக்குச் சம்பளம் நிறுத்திவைக்கப்படும் என்றது அது. நிறுத்தலாமே தவிர, பறிக்க முடியாது. இடையில் ஒரு தேர்தல் நடக்காமல் சம்பளத்தை மாற்றக் கூடாது என்கிறது 1992-இல் ஏற்கப்பட்ட 27-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். ஆனாலும், 4 ஆண்டுகளாகத் தீர்மானம் நிறைவேற்றாத செனட் மார்ச் மாதமே நிறைவேற்றியது. பற்றாக்குறை தீரவில்லை, சட்டம் கேட்டது தீர்மானத்தை, சமநிலையை அல்ல.

கலிபோர்னியா மாநிலம் இன்னும் கடுமை காட்டியது. 2010-இல் வாக்காளர்கள் ஏற்ற 25-ஆவது முன்மொழிவின்படி, ஜூன் 15-க்குள் பட்ஜெட் நிறைவேறாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளின் சம்பளமும் நிரந்தரமாகப் பறிபோகும். 2011-இல் சட்டமன்றம் கெடுவுக்குள் பட்ஜெட்டை நிறைவேற்றியது. அதில் வரவும் செலவும் பொருந்தவில்லை என்று மாநிலக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் ஜான் சியாங் சம்பளத்தை நிறுத்தினார். அதை முடிவுசெய்யும் அதிகாரம் அவருக்கு இல்லை என்றது நீதிமன்றம்.

ஆக, சம்பள வெட்டு கெடுவைக் காப்பாற்றும், கணக்கைக் காப்பாற்றாது. வரவை உயர்த்தி மதிப்பிட்டாலே ஏட்டில் துண்டு மறைந்துவிடும். மதிப்பீட்டைச் சரிபார்க்க அவைக்குக் கட்டுப்படாத அமைப்பு ஒன்று இருந்தால்தான் தண்டனைக்குப் பொருள் உண்டு. மக்கள் பணத்துக்கு அந்தக் காவல் அவசியம்.