தலைவர் வீட்டு மாப்பிள்ளை

எங்கள் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். மாமியார் கூடவே இருந்து “மாப்ளே, மாப்ளே” என்று கூப்பிடுவதால் காவலாளி முதல் பால்காரர் வரை எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். அவரிடம் ஓர் ஆமை உண்டு. பெயர் தலைவர். “தலைவர் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடலை சார்” என்று லிஃப்டில் அவர் வருத்தப்பட்டபோது, விஷயம் தெரியாத மூன்றாம் மாடிக்காரர் எந்தக் கட்சி என்று கேட்டுவிட்டார்.

ஊர்வன வளர்ப்பவர்கள் தனி ரகம். நாய்க்காரர் தெருவில் நாலு நடை நடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். ஆமைக்காரருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே, வந்தவரைத் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, “இப்போ தலையை நீட்டும் பாருங்க” என்பார். நீட்டாது. காபி ஆறும். “நேத்து நீட்டிச்சு” என்பார்.

கொளத்தூர்ப் பக்கம் ஒரு வண்ணமீன் கடையில் வாங்கியபோது தலைவர் உள்ளங்கைக்குள் அடங்குவார். காதோரம் சிவப்புக் கோடு. அமெரிக்க மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து இனம். “இதுக்கு மேல வளராது சார்” என்று கடைக்காரர் சொன்னாராம். இந்த ஜாதி ஆமை ஓர் அடி வரைக்கும் வளரும், நன்றாகக் கவனித்தால் முப்பது வருஷம் இருக்கும் என்பதைச் சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்காது.

முதல் நாளே மாமியார் ஆரம்பித்தார்: “மாப்ளே, ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதும்பாங்க.”

“அது தானாப் புகலையே அத்தை. நானூறு ரூபா குடுத்துல்ல கூட்டிட்டு வந்திருக்கேன்!”

மூன்று வருஷம் இப்படிப் போனது. போன ஆவணியில் மனைவி மாசமானாள். மாமியார் அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். “கர்ப்பிணி பார்வை பட்டா பாம்புக்கே கண்ணு தெரியாமப் போயிடும்.” மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. “ஆமைக்கும் அப்படி ஆகுமா அத்தை?”

அடுத்த காட்சி மருத்துவரின் அறையில். வீட்டில் பிராணி ஏதாவது உண்டா என்று அந்த அம்மாள் கேட்க, நம்மவர் நெஞ்சை நிமிர்த்தி, “பூனையெல்லாம் கிடையாது டாக்டர். அதால வர்ற கிருமி பத்திப் படிச்சிருக்கேன். ஒரே ஒரு ஆமைதான்” என்றாராம். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அதுக்கு ஒருநாள்கூட உடம்புக்கு வந்ததில்லை டாக்டர்!”

“அதுக்கு வராதுங்க. உங்களுக்குத்தான் வரும்.”

சால்மோனெல்லா என்ற கிருமி ஆமை, பல்லி, பாம்பு வகைகளின் குடலில் வாடகை கொடுக்காமல் குடியிருப்பது. எச்சத்தோடு வெளியே வந்து ஓட்டிலும் தொட்டித் தண்ணீரிலும் ஒட்டிக்கொள்ளும். நம் கை வழியாக வாய்க்குப் போனால் காய்ச்சல், பேதி. கர்ப்பிணிக்கு உடம்பில் நீர் வற்றுவது நல்லதல்ல. அபூர்வமாகக் கிருமி ரத்தத்தில் ஏறிச் சிசுவையும் தொடும். குழந்தைகள் ஆமையை வாயில் வைத்துக்கொண்டு நோயில் விழுந்ததால், 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமையை விற்க அமெரிக்காவில் 1975லேயே தடை போட்டுவிட்டார்கள் என்றும் அந்த அம்மாள் சொன்னார்.

“நம்ம தலைவருக்கு ஒன்பது அங்குலம் டாக்டர்!” என்றார் மாப்பிள்ளை, வெற்றியோடு.

“கிருமி ஸ்கேல் வெச்சு அளந்துட்டு வராதுங்க.”

உடனே தூக்கிப் போடச் சொல்லவில்லை. மனைவி ஆமையையும் தொட்டியையும் தொடக் கூடாது. தொட்டி கழுவுவது கணவர் வேலை. அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ். சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது; அழுக்குத் தண்ணீர் கழிப்பறையில்தான் போக வேண்டும். தலைவர் ஹாலில் உலாவக் கூடாது, முத்தம் கிடையாது. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மனைவிக்குக் காய்ச்சலோ பேதியோ வந்தால், வீட்டில் ஆமை இருக்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் குட்டு வெளிப்பட்டது. தலைவரைப் படம் எடுத்தவர், பெயர் வைத்தவர், பிறந்தநாள் கொண்டாடியவர் எல்லாம் மாப்பிள்ளை. மூன்று வருஷமாகத் தண்ணீர் மாற்றியது அந்தப் பெண்! ஆமைத் தொட்டியின் வாசனை எப்படி இருக்கும் என்பது மாப்பிள்ளைக்கு முதல் ஞாயிறன்றுதான் தெரிந்தது. மூக்கில் துண்டு, கையில் உறை, வாளியில் சிவப்புப் பெயின்டில் ‘தலைவர் மட்டும்’. அவள் சோபாவில் சாய்ந்து மாதுளை முத்துகளைத் தின்றபடி, “மூலையில பாசி இருக்கு பாருங்க” என்றாளாம். வளைகாப்பில்கூட அவள் முகத்தில் அவ்வளவு பூரிப்பை நான் பார்க்கவில்லை.

நான்காவது ஞாயிறு மாப்பிள்ளை என் வீட்டுக் கதவைத் தட்டினார். “சார், கோயில் குளத்துல விட்டுட்டா தலைவருக்கும் சுதந்திரம்தானே?” கூடாது என்றேன். இந்த வெளிநாட்டு ஆமை நம் குளத்தில் இறங்கினால் ஊர் ஆமையின் தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உலகின் மிக மோசமான 100 ஊடுருவல் இனங்கள் பட்டியலிலேயே அதற்கு இடம் உண்டு. “அப்போ இதை மாத்தி நட்சத்திர ஆமை ஒண்ணு வாங்கித் தர்றேங்கிறான் ஒரு ஃப்ரெண்டு” என்று குரலைத் தாழ்த்தினார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 என்று நான் ஆரம்பிப்பதற்குள் லிஃப்டில் ஏறிவிட்டார்.

பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் ஆமை வேண்டாம் என்று மருத்துவர் முடிவாகச் சொல்லிவிட்டார். அறுபத்தைந்தைத் தாண்டியவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமாம். மாமியார் அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டில் சின்னக் குழந்தையும் வயதானவர்களும் இல்லை, முப்பது வருஷம் ஓய்வும் இருக்கிறது என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தொட்டி, விளக்கு, வாளி எல்லாம் இலவசம். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றப்போவது யார் என்பதை மட்டும் கடிதத்திலேயே குறிப்பிட்டுவிடவும்.