ஸ்டிக்குக்கு வைத்த பரீட்சை

விசாரித்துவிட்டுப் பொருள் வாங்குகிறவன் கெட்டிக்காரன். வாங்கிவிட்டு விசாரிக்கிறவன் சாதாரண மனுஷன். வாங்கி, பெட்டியைப் பிரித்து, பில்லையும் தொலைத்த பிறகு, கோடு போட்ட நோட்டை எடுத்துவைத்து அதற்கு மார்க் போட உட்காருகிறவன் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். கள்ளக்குறிச்சியில் யாருக்காவது அப்படி ஒருவர் தேவைப்பட்டால் எங்கள் வீட்டைக் காட்டிவிடுங்கள்.

நான் சொல்வது, நெட்டில் வரும் படத்தைப் பார்க்க டிவிக்குப் பின்னால் செருகுகிறார்களே, அந்த ஸ்டிக்கைப் பற்றி. இந்த வம்சத்தில் மூத்தவர்களில் ஒருவர் 2008-ல் அமெரிக்காவில் வந்த ரோக்குப் பெட்டி. 2013-ல் கூகுள் 35 டாலருக்கு குரோம்காஸ்ட்டை விட்டது. 2017-ல் அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் 3,999 ரூபாய் விலையில் நம் நாட்டில் வந்து இறங்கியது. எங்கள் வீட்டுக்கு வந்தது எந்தக் கம்பெனிச் சரக்கு என்று மட்டும் கேட்காதீர்கள். பரீட்சை எழுதிய பிள்ளையின் பெயரை வெளியே சொல்வது வாத்தியாருக்கு அழகில்லை.

படத்துக்கு 25, சத்தத்துக்கு 15, நெட்டுக்கு 30, ரிமோட்டுக்கு 30 என்று நூற்றுக்குத் திட்டம் போட்டேன். முதல் சோதனை கரண்ட். பெட்டிக்குள் ஒரு குட்டி அடாப்டர் இருந்தது. டிவியிலேயே யு.எஸ்.பி. ஓட்டை சும்மா இருக்கும்போது சுவரில் ஒரு பிளக் பாயிண்டை எதற்கு வீணாக்குவது என்று ஒயரை அதிலேயே செருகிவிட்டேன். எங்கள் டிவி பழையது; அந்த ஓட்டை கொடுப்பது அரை ஆம்பியர், ஸ்டிக் கேட்பது ஒரு ஆம்பியர். சும்மா இருக்கும்போது எப்படியோ சமாளிக்கும். கதை சூடு பிடித்தால் மயக்கம் போட்டு விழுந்து, கம்பெனி முத்திரையைக் காட்டி, முதலிலிருந்து எழுந்து வரும். அன்றைக்கு சீரியலில் மாமியார் மருமகளை அறையக் கையை ஓங்கினாள், பாருங்கள், திரை இருண்டது. அறை விழுந்ததா இல்லையா என்று என் மனைவிக்குத் தெரியவில்லை. யார் மேல் விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்தது வைஃபை. ரவுட்டரை நெட்காரப் பையன் முன்னறை ஜன்னலோரம் மாட்டிவிட்டுப் போய்விட்டான். டிவி உள்ளறையில். ஸ்டிக்கோ இரண்டு பெயரைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கிறது. ஒன்று 2.4, இன்னொன்று 5. கணக்கு வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது? ஐந்துதான் பெரியது, அமுக்கினேன். ஐந்து கிகாஹெர்ட்ஸ் அலை வேகமாகத்தான் வருமாம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடுமாம். 2.4 நிதானமாக வந்தாலும் சுவர் தாண்டி வந்து சேருமாம். எங்கள் வீடு தாத்தா காலத்துச் செங்கல் வீடு. திருடன் வரக்கூடாது என்று அத்தனை கனத்தில் சுவர் வைத்தார். வைஃபையும் வரவில்லை.

"2.4-க்கு மாத்துங்கப்பா" என்றான் ஓசூரிலிருந்து மகன். மாற்றலாம், பாஸ்வேர்டு கேட்கிறதே. ரிமோட்டின் அம்புக்குறியை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்க வேண்டும். 'ஏ'-யில் நிற்கிறவன் 'கே'-க்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டை விரல் மரத்துப் போகிறது. ஒரு தட்டு அதிகமானால் 'எல்'-லில் போய் நிற்கிறது. நான் ஒரு கையால் தட்ட, மறு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, சரிதானா என்று மகனிடம் ஒவ்வொரு எழுத்தாகக் கத்திச் சொல்ல, கடைசியில் ஒரு வழியாக நெட் கிடைத்தது. எங்களுக்கு மட்டுமில்லை. அன்று முதல் எதிர்வீட்டிலும் படம் தடங்கலில்லாமல் ஓடுகிறது.

ரிமோட் கதை இதைவிட மோசம். நம் கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. 1976-ல்தான் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டு டிவி இன்றும் அதற்கு முந்தைய நிலைமையில்தான் இருக்கிறது. டிவிக்கு ஒரு ரிமோட், கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று. ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்றின் அதிகாரம் செல்லாது. எச்.டி.எம்.ஐ. சி.இ.சி. என்று ஒரு வசதி இருக்கிறதாம், அதைப் போட்டுவிட்டால் ஒரே ரிமோட்டில் எல்லாம் அடங்குமாம். தேடிப் பிடித்துப் போட்டேன். அதற்குப் பிறகு, மனைவி கேபிளில் சீரியல் பார்க்கும்போது ஸ்டிக்கின் ரிமோட்டில் என் கை பட்டால் போதும், டிவி தானாக ஸ்டிக்குக்குத் தாவியது. ஒரே ரிமோட்டில் எல்லாம் அடங்கியது உண்மைதான். என்னையும் சேர்த்து.

"வீட்டில் மட்டும் சோதித்தால் போதாது, மலையிலும் பார்த்துவிட வேண்டும்" என்று அறிவித்துவிட்டு, ஸ்டிக்கையும் அதன் ரிமோட்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பழைய சிநேகிதர் இருக்கிறார். அவர் வீட்டு டிவி, 2006-ல் ஆரம்பித்து 2011 வரை அரசாங்கம் வீடு வீடாகக் கொடுத்ததே, அந்த 14 அங்குல இலவச கலர் டிவி. இன்னும் படம் பளிச்சென்று வருகிறது. குடும்பமே கூடிநிற்க அதைத் திருப்பி வைத்துப் பின்பக்கம் பார்த்தோம். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று வட்ட ஓட்டைகள் இருந்தன. ஸ்டிக்குக்கு வேண்டிய தட்டையான எச்.டி.எம்.ஐ. ஓட்டை இல்லை. "இத எங்க வாத்தியாரே சொருவுறது?" என்று கேட்டார். அவர் கேட்டது ஸ்டிக்கைத்தான் என்று நினைக்கிறேன்.

விடுவேனா? பக்கத்து வீட்டில் புது டிவி இருந்தது. நெட்டுக்கு என் போனையே ஹாட்ஸ்பாட் ஆக்கினேன். சிக்னல் ஜன்னல் பக்கம்தான் கிடைத்தது. ஆகவே போன் ஜன்னலில், நான் போனுக்குக் காவல். எச்.டி. தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி ஆகும். என் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. மூன்றில் இரண்டு போனால் என்ன ஆகும் என்பதை நான் ஐந்தாம் வகுப்புக்கே நடத்தியிருக்கிறேன். இடைவேளை வருமுன்பே கதாநாயகன் காற்றில் எட்டி உதைத்த காலோடு அப்படியே நின்றுவிட்டான்.

கூரை மேலிருந்த டிஷ் ஆன்டெனா இத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கு நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், வானம் தெரிந்தால் போதும். டி.டி. ஃப்ரீ டிஷ் என்றால் 2004 டிசம்பரிலிருந்தே மாசக் கட்டணமும் கிடையாது. சிநேகிதர் சாமைச் சோறு போட்டு, மரவள்ளிக் கிழங்கும் ஒரு பை கட்டிக்கொடுத்து, "படம் வராட்டி என்ன வாத்தியாரே, நீங்க இருந்ததே எங்களுக்குப் பொழுதுபோச்சு" என்றார். அது உபசாரமா விமர்சனமா என்று கோமுகி அணை வரும்வரை யோசித்துக்கொண்டே இறங்கினேன்.

திரும்பி வந்து, இந்த முறை அடாப்டரைச் சுவரில் மாட்டி ஸ்டிக்கைச் செருகியதும், அம்மா அதன் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அதிலிருக்கும் மைக் பொத்தானை அமுக்கிப் பேசினால் போதும் என்று பேத்தி போனில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். "சிவாஜி படம் போடு" என்றார்கள். போட்டது. 2007-ல் வந்த ரஜினியின் 'சிவாஜி'. அம்மா பொறுமையாகக் கடைசிவரை பார்த்தார்கள். ரஜினி மொட்டைத் தலையோடு வந்து தன்னை எம்.ஜி.ஆர். என்று சொல்லிக்கொண்ட இடத்தில்தான், "சிவாஜிய கேட்டா ரஜினி வரான், ரஜினிய பாத்தா எம்.ஜி.ஆருன்றான், என்னடா மிஷினு இது?" என்று கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை. அம்மாவும் எதிர்பார்க்கவில்லை. பொத்தானை மறுபடி அமுக்கி, "பாசமலர்" என்றார்கள். வந்தது. நிம்மதியாக அழுதுவிட்டுத் தூங்கப் போனார்கள்.

ஒரு வாரம் பொறுத்து, எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, நோட்டை எடுத்துக் கூட்டலுக்கு உட்கார்ந்தேன். "நூத்துக்கு 61 வருது" என்றேன். மனைவி அடுப்படியிலிருந்து, "ஏங்க, அது பாஸாயிடுச்சுன்னு எங்களுக்கு எப்பவோ தெரியும். நீங்க அதைத் தொடாம இருந்தா ஸ்டேட் ஃபர்ஸ்ட் வரும்" என்றாள்.

அம்மா மட்டும் மார்க் போதாது என்றார்கள். "நான் ஒரு தரம் சொன்னா கேக்குது. இந்த வீட்டுல இத்தனை வருஷத்துல அப்படி ஒண்ணு இருந்துச்சா? அதுக்குன்னு தனியா பத்து போடுடா." நோட்டில் 'சொன்ன பேச்சு கேட்டல்' என்று புதிதாக ஒரு கோடு போட்டு, பத்துக்குப் பத்து எழுதினேன். அம்மா சொன்னது ஒரே ஒரு தரம்தான். ஆனால் அந்தப் பத்தும் ஸ்டிக்கின் கணக்கில்தான் ஏறியது.