கழுத்துக்குள் கன்னக்கோல்

கேள்வி: தினமும் ரெண்டு டம்ளர் பால் குடிக்கும் என் அம்மாவுக்கு எலும்புத் தேய்மானமாம். பாலில் தண்ணீரா, எலும்பில் ஓட்டையா?
– வாசகி, மண்ணாடிப்பட்டு

பதில்: பால்காரரை விடுங்கள், கழுத்தைப் பாருங்கள்! தைராய்டுக்குப் பின்னால் அரிசிமணி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. ஒன்று அடங்காமல் சுரந்தாலும் எலும்பின் கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டிவிடும். எலும்பில் கரைந்தது சிறுநீரகத்தில் கல்லாகவும் ஆகலாம்! லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில்தான் இந்தச் சுரப்பியை முதலில் கண்டார்கள். மனிதரிடம் கண்டது 1880இல்.

வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் கால்சியம், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கெட்டது அந்தச் சுரப்பிதான் என்றால், அறுவை செய்து எடுத்தபின் எலும்பு மறுபடி உரமேறும். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அம்மாவை அழைத்துப் போங்கள்.