மல்லசமுத்திரத் துப்பாக்கித் துடைப்பியல்: ஓர் அறிமுகம்

மல்லசமுத்திரத்தில் என் மச்சினன் புதிதாக ஏர் ரைபிள் ஒன்று வாங்கினான். 4.5 மி.மீ. குழாய், ஸ்பிரிங் வகை, அட்டைக் குறியைச் சுட்டுப் பழக. பெட்டியைப் பிரித்த கையோடு, "மாமா, இதுக்கு எந்த எண்ணெய்ங்க உடறது?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தமிழில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஒன்பதாம் ஆண்டில் இருப்பவன். ஒரு வரிப் பதில் எங்கள் குலத்துக்கு ஆகாது.

முதலில் சொல்லாய்வு. 'துப்பாக்கி' திருக்குறளின் வான்சிறப்பிலேயே வருவதால் வள்ளுவர் குறிபார்த்துச் சுடத் தெரிந்தவர் என்று நிறுவ இருந்தேன். அங்கே மழைதான் உணவை ஆக்குகிறது, சுடும் துப்பாக்கி துருக்கிய மொழியிலிருந்து வந்த சொல் என்று அகராதி குறுக்கே விழுந்தது. ஆய்வு முடியும்வரை அகராதியைத் திறக்காதே என்று மூத்தவர்கள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும்.

'எண்ணெய்' அப்படிக் காலை வாரவில்லை. எள் + நெய். ஆகவே நல்லெண்ணெய் மட்டுமே எண்ணெய். தேங்காய் எண்ணெய் என்பது தேங்காயில் ஆட்டிய எள்நெய். மண்ணெண்ணெய் மண்ணில் ஆட்டியது. இதைச் சொன்னபோது மச்சினன், "சரிங்க மாமா" என்றான். ஆய்வுலகம் ஏற்றுக்கொண்டது என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்து, தாயகம். துப்பாக்கி துடைக்க வேண்டியவை இரண்டே: துணி, எண்ணெய். மல்லசமுத்திரத்தில் கூட்டுறவுச் சங்கக் கிளையில் ஏலம் போகிறவையும் பருத்தி, கொப்பரை. ஆகவே துப்பாக்கித் துடைப்பு உலகுக்கு இங்கிருந்தே பரவியது. (இந்த 'ஆகவே'யை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் நிறுத்திக் கேள்வி கேட்டதில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிடும்.) மல்லசமுத்திரம் இருக்கும் நாமக்கல், சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1997இல்தான். எனவே இந்தப் பெருமையில் சேலத்துக்கு எத்தனை பங்கு என்பது தனி நூலுக்குரியது; எழுதிக்கொண்டிருக்கிறேன்.

துப்பாக்கிப் பசைக்கு வேறு வரலாறு உண்டு என்று மறுப்பவர்கள் 1857ஐக் காட்டுவார்கள். புது என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டா உறையில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருக்கிறது என்ற பேச்சு சிப்பாய்களிடம் பரவியது. வேண்டிய பசையை நீங்களே தடவிக்கொள்ளுங்கள் என்று கம்பெனி இறங்கி வந்தும் பலிக்கவில்லை. மார்ச் 29 அன்று பாரக்பூரில் மங்கள் பாண்டே துப்பாக்கியோடு எழுந்து நின்றார். உறையில் உண்மையில் இருந்தது என்ன கொழுப்பு என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அவர்களுக்கே அவசரமில்லாதபோது என் மச்சினனுக்கு என்ன அவசரம்?

துணி: தேசிய மாணவர் படையில் 'சிந்தி' என்கிற துண்டுத் துணி, எங்கள் பட்டறைகளில் பனியன் வேஸ்ட், இரண்டும் துடைக்கும்.

எண்ணெய்களில், தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்துவிடும். நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். மண்ணெண்ணெய் பழைய மசகைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது விளக்கெண்ணெய்.

மனிதரை வைய உதவும் ஒரே எண்ணெய் இதுதான் (டீக்கடை, மேற்குப் பெஞ்சு, வாய்மொழி). முதல் உலகப் போரின் சுழல் எஞ்சின் விமானங்களுக்கு இதையே ஊற்றினார்கள். பெட்ரோலோடு எளிதில் கலக்காது என்பதால். எஞ்சின் கக்கியதை மூச்சில் வாங்கிய விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்பார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரில் முளைத்ததுதான். துப்பாக்கிக்கும் விளக்கெண்ணெயே என்ற கருத்தை ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி மெக்கானிக் ஒருவர் ஏற்கிறார் (திருச்செங்கோடு ரோடு, ஸ்பேனர் கையில் இருந்தபோது). அவரே மறுக்கிறார் (அதே இடம், ஸ்பேனரைக் கீழே வைத்த பிறகு). முடிந்த முடிபு பெரியம்மாவுடையது (அடுப்படிப் பதிப்பு, முதல் பதிப்பு பெரியப்பா விழித்திருந்தபோது வெளிவந்ததால் சுருக்கம், திருத்திய இரண்டாம் பதிப்பு அவர் தூங்கியதும், துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னது, பாட வேறுபாடு: 'உங்களுக்கு வேற வேலையே இல்லையா?'): பருப்பை வண்டிடமிருந்து காப்பது இரும்பைத் துருவிடமிருந்து காக்காதா?

ஆய்வு முடிவின்படி மச்சினன், பிஸ்டன் காற்றை அமுக்கும் அமுக்கறைக்குள் விளக்கெண்ணெய் ஆறு சொட்டு விட்டான். விசையை இழுத்தான். பிஸ்டன் காற்றை நெருக்கியது, காற்று சூடேறியது, எண்ணெய் பற்றிக்கொண்டது. டீசல் எஞ்சினும் இப்படித்தான் ஓடுகிறது. டமார். திண்ணையில் இருந்த கோழி கூரைக்குப் போனது. குழாயிலிருந்து வெண்புகையும் பேதி மருந்து வாசமும் வந்தன.

புதுக் குழாயில் ஆலையில் தடவிய மசகைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வெளி இரும்பில் எண்ணெய்த் துணியை ஒருமுறை ஓட்டினால் போதும். அமுக்கறைக்குள் சிலிக்கோன் எண்ணெய் தவிர வேறு எந்த எண்ணெயும் ஆகாது. அதுவும் ஒரு சொட்டு, எப்போதாவது. இவ்வளவும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளிலேயே இருந்தது. மச்சினன் மறுநாள் அதைப் படித்துவிட்டான். நான் என் ஆய்வேட்டில் அதைச் சேர்க்கவில்லை. அதில் மேற்கோள் ஒன்றுகூட இல்லை.